தூர்வாரிய மண்ணைக் கடலில் கொட்ட அனுமதி வாங்குவது எப்படி?

துறைமுகத்தில் ஆழம் குறைந்துவிட்டால் தூர்வாரியே ஆக வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. டிரெட்ஜரை, அதாவது தூர்வாரும் கப்பலை, வரவழைப்பதும் ஒப்பந்தம் போடுவதும் பழகிய வேலைகள். அள்ளிய மண்ணை எங்கே போடுவது என்று வரும்போதுதான் கோப்பு நின்றுவிடும்.

கடலில் எடுத்த மண்ணைக் கடலிலேயே போடுவதற்கு எதற்கு அரசு அனுமதி என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துறைமுகப் படுகை சாதாரணக் கடலடி அல்ல. ஊரின் மழைநீர் வடிகால், ஆலைக் கழிவு, கப்பல் பட்டறையில் சுரண்டிய பெயின்ட், சிந்திய எண்ணெய் எல்லாம் வந்து, அலையில்லாத நீரில் அடியில் தங்கும் இடம் அது. அங்கே பல ஆண்டுகள் அசையாமல் கிடந்ததைக் கிளறி எடுத்து, வேறொரு இடத்து மீன்கள், நண்டுகள் தலையில் போடுகிறோம். அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த அரசும் கையெழுத்துப் போடாது.

படிவத்தை நிரப்புவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. வேலையின் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. மண் மாதிரி எடுத்த பிறகு அதிகாரியைப் பார்க்கப் போவது, கொட்டுமிடத்தை முடிவு செய்த பிறகு மீனவர்களிடம் பேசுவது, டிரெட்ஜர் வந்து நின்ற பிறகு விண்ணப்பிப்பது என்று வரிசை மாறினால் பணமும் போகும், பருவமும் போகும்.

எந்தச் சட்டம், எந்த அலுவலகம்

உலக அளவில் இதற்கு அடிப்படை 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை. அது 1975இல் நடைமுறைக்கு வந்தது. அதைவிடக் கறாரான லண்டன் நெறிமுறை 1996இல் உருவாகி, 2006இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் கவனித்துக்கொள்வது சர்வதேசக் கடல்சார் அமைப்பு. பழைய உடன்படிக்கை எதையெல்லாம் கொட்டக் கூடாது என்று பட்டியல் போட்டது. நெறிமுறை அதைத் தலைகீழாகத் திருப்பி, எதையுமே கொட்டக் கூடாது, பட்டியலில் உள்ள சிலவற்றை மட்டும் அனுமதி பெற்றுக் கொட்டலாம் என்றது. அந்தச் சிறிய பட்டியலில் முதலில் நிற்பது தூர்வாரிய மண். அனுமதியோடு கடலில் போடப்படும் பொருள்களில் உலகெங்கும் பெரும்பங்கும் இதுதான். பட்டியலில் இருப்பதால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். கொட்டும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது.

அனுமதி தரும் அலுவலகம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ராணுவப் பொறியாளர் படை அனுமதி வழங்கும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்கு இசைவு தெரிவிக்க வேண்டும். கனடாவில் இது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. இங்கிலாந்தில் கடல் மேலாண்மைக்கென்றே உள்ள தனி அமைப்பு உரிமம் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 1981ஆம் ஆண்டின் கடலில் கொட்டுதல் சட்டம் இருக்கிறது. பெயர்கள் வேறானாலும் இந்நாடுகளின் நடைமுறைக்குள் ஓடுவது ஒரே எலும்புக்கூடு: கழிவைக் குறைக்க முடியுமா, வேறு வழி உண்டா, மண்ணில் என்ன இருக்கிறது, எங்கே போடுவது, போட்டால் என்ன ஆகும், அதை எப்படிக் கண்காணிப்பது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் புதிய நாட்டின் படிவமும் பழகிய படிவம் போலத் தெரியும்.

தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஆள்புலக் கடலை (நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கரையோரக் கடல்) அளக்கத் தொடங்கும் அடிப்படைக் கோட்டுக்கு உள்ளே போடுகிறீர்களா, வெளியே போடுகிறீர்களா என்று பாருங்கள். அமெரிக்காவில் உள்ளே என்றால் தூய நீர்ச் சட்டம், வெளியே என்றால் கடலில் கொட்டுதல் சட்டம். மண்ணும் அதைச் சுமக்கும் பார்ஜ் படகும் அதேதான், விண்ணப்பம் மட்டும் வேறு.

இன்னொன்று, கொட்டித் தொலைப்பதற்காக அல்லாமல் வேறு பயனுக்காக மண்ணைக் கடலில் வைப்பது நெறிமுறையின்படி 'கொட்டுதல்' ஆகாது. அரிக்கும் கடற்கரைக்கு மணல் நிரப்புவது இதற்கு நல்ல உதாரணம். அதற்கும் வேறு அனுமதிகள் தேவைப்படலாம். கொட்டும் அனுமதியிலிருந்து தப்பிப்பதற்காகப் 'பயன்பாடு' என்று பெயர் சூட்டினால் முதல் கூட்டத்திலேயே அது வெளுத்துவிடும்.

மண்ணை மேலே ஏற்றாமல், நீரைப் பீய்ச்சிக் கலக்கியோ அடியில் உழுதோ நீரோட்டத்தோடு அனுப்பிவிடும் முறைகளும் இருக்கின்றன. அதற்கு அனுமதி தேவையா என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படிவத்துக்கு முன்னால் ஒரு சந்திப்பு

அனுமதி தரும் அலுவலகத்தோடு முன்கூட்டியே ஒரு கூட்டம் போடுங்கள். இதைக் கட்டாயமாக்காத இடங்களிலும் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கையில் இரண்டு பக்கக் குறிப்பு போதும். தூர்வாரப்போகும் பகுதியின் வரைபடம், இப்போதைய ஆழம், தேவையான ஆழம், மண்ணின் அளவு, இது வழக்கமான பராமரிப்புத் தூர்வாரலா, புதிதாக ஆழப்படுத்துவதா, எந்த வகை டிரெட்ஜர், எந்த மாதங்கள், கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள், அப்போது லேப் முடிவுகள் என்ன சொல்லின. பராமரிப்பா புதிதா என்பது முக்கியம். பராமரிப்பில் வருவது அண்மையில் படிந்த சேறு, பெரும்பாலும் பழைய முடிவுகள் இருக்கும். புதிதாக ஆழப்படுத்தும்போது மேலே அசுத்தமான சேறும் கீழே மனிதக் கைபடாத பழைய களிமண்ணும் வரலாம். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் நல்ல மண்ணும் கெட்ட பெயர் வாங்கும்.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை: எந்தெந்த வேதிப்பொருள்களுக்குச் சோதனை, எந்த லேபின் முடிவை ஏற்பார்கள், முடிவு எத்தனை ஆண்டு செல்லும், மீன்வளம், கப்பல் போக்குவரத்து, தொல்பொருள், வன உயிரின அலுவலகங்களில் யார் யாரிடம் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும், பொதுமக்கள் கருத்துக்கு எத்தனை நாள். பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பாதி வழியில் அதிகாரி மாற்றலாகிப் போனால் அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குத் துணை.

"ஏன் கடல்?" என்ற கேள்வி

புதியவர்கள் இந்தப் பகுதியை ஒப்புக்கு எழுதிவிடுகிறார்கள். 'நிலத்தில் இடம் இல்லை, செலவு அதிகம்' என்று ஒரு வரி. அது போதாது. உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ மிகையான ஆபத்தும் அளவுக்கு மீறிய செலவும் இல்லாமல் மண்ணை மறுபடி பயன்படுத்தவோ சுத்திகரிக்கவோ வழியிருந்தால், அனுமதியை மறுக்க வேண்டும் என்றே நெறிமுறையின் இரண்டாம் இணைப்பு சொல்கிறது. செலவு கூடுதல் என்பது காரணமாகாது. எவ்வளவு கூடுதல், எதனோடு ஒப்பிட்டால் என்று காட்ட வேண்டும்.

வேறு வழிகள் வெறும் ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. பால்டிமோர் துறைமுகத்துக் கால்வாய் மண்ணைக் கொண்டு, அரித்துக் கரைந்துபோன போப்லர் தீவைச் செசபீக் விரிகுடாவில் 1998 முதல் மீண்டும் எழுப்பி வருகிறார்கள். ராட்டர்டாம் துறைமுகம் அசுத்தமான சேற்றுக்கென்றே ஸ்லுஃப்டர் என்ற பெருந்தொட்டியை 1987இல் திறந்தது. ஹாம்பர்க்கில் மணலையும் மாசு ஒட்டிய நுண்சேற்றையும் பிரிக்கும் மேத்தா ஆலை 1990களிலிருந்து இயங்குகிறது. அதிகாரிக்கு இவையெல்லாம் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது விண்ணப்பத்தில் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு வழிக்கும் ஒரு பத்தி எழுதுங்கள், எண்ணோடு எழுதுங்கள். 1 லட்சம் கனமீட்டர் சேற்றை 10 கனமீட்டர் லாரிகளில் ஏற்றினால் 10,000 நடை. அந்தச் சாலையில் அது எத்தனை நாள் ஓடும், வழியில் எத்தனை குடியிருப்புகள். உலர்த்த எவ்வளவு நிலம், எத்தனை மாதம், வடியும் உப்புநீர் எங்கே போகும். மண்ணில் மணல் கணிசமாக இருந்தால் அந்தப் பங்கை மட்டும் கரைக்கோ கட்டுமானத்துக்கோ கொடுக்க முடியுமா. இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதிய பிறகும் கடல்தான் மிஞ்சுகிறது என்றால், படிப்பவருக்கும் அது புரியும்.

இதற்கு முந்தைய கேள்வி ஒன்றும் உண்டு. இவ்வளவு தோண்டத்தான் வேண்டுமா? வரும் கப்பல்களின் அமிழ்வாழத்தைவிட (கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) தாராளமாக ஆழம் கேட்டிருந்தால் அதைக் குறைப்பதுதான் மிக மலிவான மாற்றுவழி. கெட்ட சேறு குறிப்பிட்ட ஒரு வடிகாலிலிருந்து வருகிறது என்றால், அந்த வாயை அடைப்பதற்கு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் எழுதச் சொல்வார்கள்.

மாதிரித் திட்டம்: அனுமதியின் தலைவிதி இங்கேதான்

நான் ஒரே ஒரு அறிவுரை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: மாதிரி எடுக்கும் திட்டத்தை எழுதி, அதிகாரியின் ஒப்புதலை வாங்கிய பிறகே படகை இறக்குங்கள். எத்தனை இடத்தில், எந்த ஆழம்வரை, எந்தக் கருவியால், எந்தச் சோதனைக்கு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் எடுத்த மாதிரி எவ்வளவு நல்ல லேபுக்குப் போனாலும், 'அந்த மூலையில் ஏன் எடுக்கவில்லை?' என்ற ஒரே கேள்வியில் வீணாகிவிடும். திரும்பவும் படகு, திரும்பவும் லேப், திரும்பவும் காத்திருப்பு.

எத்தனை இடம் என்பதற்கு வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஓஸ்பார் வழிகாட்டுதல் ஒரு நல்ல அளவுகோல். 25,000 கனமீட்டர்வரை 3 இடம். 1 லட்சம்வரை 4 முதல் 6. 5 லட்சம்வரை 7 முதல் 15. 20 லட்சம்வரை 16 முதல் 30. அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சம் கனமீட்டருக்கும் கூடுதலாக 10. உங்கள் நாட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் செல்லும். இல்லாவிட்டால் இதைக் காட்டிப் பேசலாம்.

எண்ணிக்கையைவிட இடங்களைத் தேர்வதில்தான் அறிவு வேண்டும். துறைமுகத்தின் பழைய வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். கப்பல் பழுதுபார்க்கும் சாய்தளம் எங்கே இருந்தது, எண்ணெய் இறக்கும் துறை எது, தாது குவித்த இடம் எது, வடிகால் எங்கே திறக்கிறது. பட்டறை இருந்த இடத்தில் டிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிரைபியூட்டில் டின்னைத் தேட வேண்டும். கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பெயின்டில் இருந்த நஞ்சு அது. அதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய படிவுகளில், காற்றுப் புகாத ஆழத்தில், அது இன்னும் இருக்கிறது. பெயின்ட் துகளாகவே கிடப்பதால் ஒரு மாதிரியில் உச்சத்தில் இருக்கும், இரண்டு மீட்டர் தள்ளி ஒன்றுமே இருக்காது.

ஆழமும் அப்படித்தான். 2 மீட்டர் தோண்டப்போகிறீர்கள் என்றால் மேல்மட்டத்தில் கிராப் என்ற கவ்வும் வாளியைப் போட்டு ஒரு கை சேறு அள்ளி வந்தால் போதாது. தோண்டும் ஆழம் முழுவதற்கும், டிரெட்ஜர் கூடுதலாகச் சுரண்டும் இடைவெளிக்கும் சேர்த்துக் குழாயை இறக்கி உருளையாக எடுக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் குழாயை அதிரவைத்து இறக்கும் வைப்ரோகோரர் கருவிதான். குழாயைத் தளத்தில் படுக்கவைத்து நெடுக்கில் பிளந்ததும் முதலில் செய்ய வேண்டியது, பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுப்பது. மேலே கன்னங்கரேலென்று அழுகிய முட்டை நாற்றத்தோடு குழகுழவென்ற சேறு, கீழே திடீரென்று நிறம் மாறிச் சாம்பலாகக் கெட்டியான களி. அந்த மாற்றம் நடக்கும் இடத்தைக் குறித்து, மேலும் கீழும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கினால் மேலே உள்ள நஞ்சு பாதியாகத் தெரியும். அந்தக் கலப்பை அனுபவமுள்ள அதிகாரி படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

உலோகச் சோதனைக்குப் பிளாஸ்டிக் டப்பா, கரிமச் சேர்மங்களுக்குக் கண்ணாடிக் குப்பி. உலோகத்துக்கு உலோகக் கரண்டியாலும் கரிமத்துக்குப் பிளாஸ்டிக் கரண்டியாலும் அள்ளாதீர்கள். லேபிலை மூடியில் மட்டும் ஒட்டினால் மூடி மாறிவிடும். உடலிலும் அழியாத மையால் எழுதுங்கள். 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிரூட்டி, லேப் சொன்ன நாளுக்குள் சேருங்கள். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்ற கைமாற்றுப் பதிவு ஒரு தாள்தான், ஆனால் அது இல்லாத முடிவைச் சில அலுவலகங்கள் திறந்துகூடப் பார்க்காது. கொட்டப்போகும் இடத்துக்கு அருகே, கொட்டுதலின் பாதிப்பு இல்லாத கடலடியிலிருந்தும் ஒப்பீட்டு மாதிரி எடுத்துவிடுங்கள். அதற்கென்று இரண்டாவது முறை படகு எடுப்பது தண்டச் செலவு.

சோதனையிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு. ஏறக்குறைய முழுக்க மணல், சரளை, பாறை என்றாலோ, இதுவரை யாரும் கிளறாத நிலவியல் அடுக்கு என்றாலோ வேதிச் சோதனை வேண்டாம் என்று பல நாடுகள் ஏற்கின்றன. ஓஸ்பார் வழிகாட்டுதல், அருகில் குறிப்பிடத்தக்க மாசு மூலம் இல்லாத ஓரிடத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 டன்னுக்குக் குறைவாக எடுப்பதையும் இதில் சேர்க்கிறது. விலக்குக்கும் ஆதாரம் வேண்டும். குறைந்தது துகள் அளவுச் சோதனையாவது செய்து காட்டுங்கள்.

லேப் முடிவைப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது துகள் அளவு. 63 மைக்ரானுக்குக் குறைவான வண்டலும் களியும்தான் மாசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதனால் ஒரு மாதிரியில் செம்பு அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால் மாசு வேறுபாடா, வெறும் துகள் வேறுபாடா என்று தெரிய வேண்டும். இதற்காகத்தான் கரிமக் கார்பனையோ அலுமினியம், லித்தியம் போன்ற தனிமத்தையோ வைத்து முடிவைச் சமன்செய்கிறார்கள். எந்த முறை என்பதை முன்சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வழக்கமான பட்டியலில் பாதரசம், காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம், ஆர்சனிக், குரோமியம், நிக்கல் ஆகியவையும், எண்ணெயும் நிலக்கரியும் விட்டுச்செல்லும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், பழைய மின்மாற்றிகளிலிருந்து வந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள்கள், டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள், டிபிடி ஆகியவையும் இருக்கும். லேபுக்கு வேலை கொடுக்கும் முன் அவர்களால் அளக்க முடிகிற குறைந்தபட்ச அளவைக் கேளுங்கள். அரசின் வரம்பு 0.1 என்றிருக்க, 'கண்டறியப்படவில்லை, 0.5க்குக் குறைவு' என்று ரிப்போர்ட் வந்தால் அந்தத் தாளால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

முடிவுகளை ஒப்பிட அரசு வைத்திருக்கும் அளவுகளைச் செயல்மட்டம் என்பார்கள். பல நாடுகளில் கீழ்மட்டம், மேல்மட்டம் என்று இரண்டு உண்டு. கீழ்மட்டத்துக்குக் கீழே என்றால் மாசைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. மேல்மட்டத்துக்கு மேலே என்றால் கடல் பொதுவாகக் கிடையாது. நடுவில் விழுந்தால் மேலும் சோதனை. உலர்எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் உள்ள சேற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் கீழ்மட்டம் 0.75, அங்கே அது தாண்டவில்லை. இங்கிலாந்தில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வரும் அளவுகள் கீழே 0.3, மேலே 3. அங்கே அதே சேறு நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு விண்ணப்பத்தில் எழுதும் ஆலோசகர்களை நம்பாதீர்கள்.

நடுவில் மாட்டினால் உயிரியல் சோதனை வரும். சேற்றில் வாழும் ஆம்ஃபிபாட் என்ற சின்னஞ்சிறு கணுக்காலிகளை அதில் 10 நாள் விட்டு எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவது ஒன்று. புழுவையோ மட்டியையோ 28 நாள் வைத்து உடலில் நஞ்சு சேர்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. இவற்றைச் செய்யும் லேப்கள் குறைவு, வரிசையும் நீளம். எனவே கால அட்டவணையில் இதற்கு முதலிலேயே இடம் விட்டுவைப்பது நல்லது.

ஒன்றிரண்டு இடம் மட்டும் மோசமாக இருந்தால் திட்டமே கெட்டது என்று பதற வேண்டாம். அந்த இடத்தைச் சுற்றிக் கூடுதல் மாதிரி எடுத்து எல்லையைச் சுருக்குங்கள். அந்தச் சேற்றை மட்டும் தனியாக அள்ளிக் கரைக்கு எடுத்துச்சென்று, மீதிக்கு அனுமதி கேட்கலாம்.

கொட்டுமிடம்

ஏற்கெனவே அரசு குறித்துவைத்த இடம் இருந்தால் அதையே கேளுங்கள். புது இடம் என்றால் நீரோட்டம், அலை, கடலடி உயிரினம், மீன்பிடிப்பு என்று ஆய்வு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

இடங்களில் இரண்டு தன்மை உண்டு. போட்ட மண் போட்ட இடத்திலேயே கிடக்கும் இடம், நீரோட்டம் வாரிப் பரப்பிவிடும் இடம். மணலுக்கும் சுத்தமான வண்டலுக்கும் பரவும் இடம் ஏற்றதாக இருக்கலாம், குவியல் உயர்ந்து கப்பலுக்கு இடைஞ்சல் ஆகாது. ஆனால் பரவுகிற மண் எங்கே போய்ச் சேரும் என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. தேங்கும் இடத்தைக் கண்காணிப்பது எளிது, ஆனால் அது ஒருநாள் நிறைந்துவிடும்.

பவளப்பாறை, கடற்புல், மீன் முட்டையிடும் இடம், இழுவலை ஓடும் பாதை, கடலடிக் கேபிள், குழாய், நங்கூரத் தளம், கடல்நீர் உறிஞ்சும் ஆலைகளின் வாய், மூழ்கிய கப்பல் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு, தூரத்தையும் எழுதுங்கள். கொள்கையே மாறிவிடுவதும் உண்டு. கிரேட் பேரியர் ரீஃப் கடல் பூங்காவுக்குள் புதிதாக ஆழப்படுத்தும் வேலையில் வரும் மண்ணைக் கொட்ட ஆஸ்திரேலியா 2015இல் தடைவிதித்தது. நியூயார்க் துறைமுகச் சேறு பல காலம் போய்க்கொண்டிருந்த இடம் 1997இல் மூடப்பட்டது. இப்போது அந்தப் பகுதிக்குச் சுத்தமான தூர்வாரல் மண் மட்டுமே போகிறது, பழைய சேற்றை மூடுவதற்காக.

பாதிப்பைச் சோதிக்கக்கூடிய வரியில் எழுதுங்கள்

மண்ணும் இடமும் தெரிந்த பிறகு, கொட்டினால் என்ன ஆகும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதைச் சுருக்கமாக எழுத வேண்டும். 'பெரிய பாதிப்பு இருக்காது' என்பது எதிர்பார்ப்பு அல்ல, ஆசை. 'கலங்கல் அடுத்த கொட்டலுக்குள் தணியும், குவியல் எல்லைக்குள் இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் போகாது, எல்லைக்கு வெளியே கடலடி உயிரினத்தில் மாற்றம் தெரியாது' என்று எழுதினால் பின்னால் யாரும் அளந்து பார்க்கலாம். கண்காணிப்புத் திட்டம் இந்த வரிகளிலிருந்தே பிறக்கும். வரி தெளிவாக இருந்தால் திட்டமும் சிறியதாக, மலிவாக இருக்கும்.

விண்ணப்பம், அளவு, பொதுமக்கள்

விண்ணப்பத்தில் அதிகம் சறுக்குவது மண்ணின் அளவில். கடலடியில் கிடக்கும் கனஅளவு ஒன்று, தண்ணீரோடு கலந்து ஹாப்பரில் (கப்பலில் மண்ணை நிரப்பும் தொட்டி) ஏறிய பிறகு அதைவிடப் பெரியது இன்னொன்று, உலர்ந்த எடை வேறொன்று. கணக்கைப் பாருங்கள். கனமீட்டருக்கு 1.3 டன் அடர்த்தியுள்ள சேறு 1 லட்சம் கனமீட்டர். ஈர எடை 1,30,000 டன். கடல்நீரின் அடர்த்தி 1.025, மண்துகளின் அடர்த்தி 2.65 என்று கொண்டால் அதில் உலர்ந்த மண் சுமார் 45,000 டன்தான். எந்த அலகு என்று எழுதாமல் '1 லட்சம்' என்று மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, ஒப்பந்தக்காரர் ஹாப்பர் கணக்கில் எண்ணத் தொடங்கினால் பாதி வேலையிலேயே அனுமதி தீர்ந்துவிடும்.

பொதுமக்கள் கருத்துக்கான அறிவிப்பு வெளியானதும் முதலில் குரல் கொடுப்பவர்கள் மீனவர்கள். அவர்கள் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைப்பது தவறு. இடம் முடிவாகும் முன்பே போய்ப் பேசுங்கள். எந்த மாதம் எந்த மீன் எங்கே என்று அவர்கள் சொல்வது உங்கள் ஆய்வறிக்கையில் இருக்காது. வேலை நாள்களை இரண்டு வாரம் தள்ளிவைப்பதாலேயே தீர்ந்துபோகும் எதிர்ப்புகள் நிறைய.

அனுமதி வந்த பிறகு

நிபந்தனைத் தாளைக் கோப்பில் வைத்துப் பூட்டாதீர்கள். அதை ஒப்பந்தத்தின் பகுதியாக்கி, கப்பலில் வேலை செய்பவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கமாக எழுதி, ஓட்டும் அறையில் ஒட்டுங்கள். மண் என்ன, எங்கிருந்து, எங்கே, எந்த முறையில், எந்த மாதங்களில், என்ன பதிவு என்பவை அதில் இருக்கும்.

இரவு 2 மணிக்கு, அலை எழும்பும்போது, கொட்டுமிடத்துக்கு இன்னும் 1 கிலோமீட்டர் இருக்கையில், மண் விழும் அடிக்கதவைத் திறந்துவிடலாமா என்ற சபலம் வரும். அதனால்தான் பல அனுமதிகள் இருப்பிடத்தையும் கப்பலின் அமிழ்வாழத்தையும் தானாகவே பதியும் கருவியைக் கேட்கின்றன. கதவு திறந்ததும் கப்பல் மேலே எழும்பும், அது வரைபடத்தில் செங்குத்தான கோடாக விழும். வழியிலேயே அமிழ்வாழம் மெல்ல மெல்லக் குறைந்தால் கதவு சரியாக மூடவில்லை, சேறு வழியெல்லாம் ஒழுகுகிறது என்று பொருள். இந்தக் கோடுகளை வாரத்துக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள், அதிகாரி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

டயர், கயிறு, கேபிள், பிளாஸ்டிக் எல்லாம் தூர்வாரலில் வரும். அவற்றைக் கடலில் போட அனுமதி இல்லை, கம்பிச் சல்லடையில் பிடித்துக் கரையில் இறக்க வேண்டும். பழைய போர்க்கால வெடிபொருள் கிடைக்கக்கூடிய துறைமுகம் என்றால் அதற்கான ஏற்பாடு தனி. உயிருக்கோ கப்பலுக்கோ உண்மையான ஆபத்து வந்து சுமையை இறக்க நேர்ந்தால் சட்டம் இடம் தருகிறது, ஆனால் உடனே தெரிவிக்க வேண்டும், இடத்தையும் நேரத்தையும் பதிய வேண்டும்.

கொட்டுமிடத்தின் ஆழத்தை வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில், ஒரே நீர்மட்டக் கணக்கில் சர்வே செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் கழித்துப் பார்க்க முடியாது. உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஒவ்வோர் ஆண்டும் கொடுத்த அனுமதிகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், உண்மையில் கொட்டிய அளவை உங்களிடமும் கேட்பார்கள். நடை எண், தேதி, நேரம், இடம், அளவு என்ற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வைத்திருந்தால் அரைநாள் வேலை.

அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. கனடாவில் ஒரு அனுமதி அதிகபட்சம் ஓராண்டுதான், புதுப்பிக்கக் கேட்கலாம். பராமரிப்புத் தூர்வாரல் ஆண்டுதோறும் வருமென்றால் அடுத்த விண்ணப்பத்தை இந்த வேலை நடக்கும்போதே தொடங்கிவிடுங்கள். லேப் முடிவுகளின் காலாவதித் தேதியைத் தனியாகக் குறித்துவையுங்கள். இடையில் துறைமுகத்தில் எண்ணெய் கொட்டியிருந்தாலோ, வெள்ளம் வந்து ஆற்றுச் சேறு இறங்கியிருந்தாலோ, தேதி மிச்சமிருந்தாலும் அந்த முடிவுகள் செல்லாது என்று வைத்துக்கொண்டு புதிய மாதிரித் திட்டத்தோடு அலுவலகத்துக்குப் போங்கள்.